ட்ரை பண்ணிட்டுச் சொல்றேன்: மொட்டை மாடியில் 15 நிமிஷம்



போன வாரம் 'விடிகாலை 5 மணிக்குப் பச்சைத் தண்ணி குளியல்' மேட்டரை ட்ரை பண்ணிட்டு, மூக்கை உறிஞ்சிக்கிட்டே உங்களுக்கு எழுதினேன். அதுக்கு முந்தின வாரம் ஒருநாள் முழுக்க சுத்தத் தமிழ்லயே பேசறேன்னு கேன்டீன்ல 'தேநீர்' கேட்டு பல்பு வாங்கினேன். ஞாபகம் இருக்குல்ல? இந்த வாரத்துக்குன்னு ஆபீஸ்ல ஒரு சீனியர் அண்ணன் முன்னாடியே கூப்பிட்டு, ஒரே வார்த்தையில அசைன்மென்ட் கொடுத்தார்.

"ஜெபம்."

"அண்ணே, எனக்கு இன்டர்னல்ஸ் வருதுண்ணே..."

"அப்ப கரெக்டான டைம்தான்" என்றார் கூலாக!

உண்மையைச் சொல்லணும்னா, எங்க வீட்ல ஜெபத்துக்குக் குறைச்சலே கிடையாது. தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர். சாயங்காலம் ஏழு மணி ஆனா தெருவுல வரிசையா ஒவ்வொரு வீட்லயும் ஜெபமாலைச் சத்தம் கேட்கும். அம்மா வத்தக்குழம்பைக் கிளறிக்கிட்டே பாதி மந்திரம் சொல்லிடுவாங்க. ஆனா, எனக்கு ஜெபம்னா அது ஒரு அப்ளிகேஷன் ஃபாரம். கீழே கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிடணும். ரெண்டாவது செமஸ்டர்ல 'மேத்ஸ் மட்டும் கிளியர் ஆகட்டும் மாதா, வேளாங்கண்ணிக்கு நடந்தே வர்றேன்'னு வேண்டிக்கிட்டேன். 51 மார்க் வந்துச்சு. பஸ்லதான் போனேன். (மாதா இதைப் படிக்க மாட்டாங்கன்னு ஒரு நம்பிக்கை!)

அண்ணன் கேட்டது இந்த ஜெபத்தை இல்லை. ஒண்ணும் கேட்காம, ஒண்ணும் ஒப்பிக்காம, சும்மா கடவுள் முன்னாடி உட்கார்ற ஜெபம். தியான ஜெபம்னு சொல்றாங்க. அதைவிட முக்கியமா, உட்கார்ந்து எழுந்த பிறகு லேப், மெஸ், பஸ் ஸ்டாண்டுன்னு போற இடத்துல எல்லாம் அவரைக் கவனிக்கப் பழகுறது. இதைச் சொல்லித் தர ஆள் வேணுமே? காலேஜ்ல இருந்து கொஞ்ச தூரத்துல ஒரு தியான இல்லம் இருக்கு. அங்கே ரிட்டயர்டு ஆன இயேசு சபை ஃபாதர் ஒருத்தர், கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தார். போய் நின்னேன்.

"ஃபாதர், நான் இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட். ஸ்டூடன்ட்ஸுக்குன்னு எவ்வளவு நேரம் ஜெபம் பண்ணா போதும்? மினிமம் சொல்லுங்க, பாஸ் மார்க் மாதிரி."

ஃபாதர் சிரிச்சார். "இதே கேள்வியை 1551-லயே கேட்டாச்சுடா" என்றார்.

நிஜம்தான் மக்களே. அந்த வருஷம் அந்தோனியோ பிராந்தாவோ என்கிற போர்ச்சுக்கல் நாட்டு சாமியார், படிச்சுக்கிட்டு இருக்கிற இளம் துறவிகள் எவ்வளவு நேரம் தியானம் பண்ணணும்னு கேட்டிருக்கார். கேட்டது இயேசு சபையை ஆரம்பிச்ச புனித இஞ்ஞாசியார்கிட்ட. ரோமில் இருந்து அவருடைய செயலாளர் பதில் எழுதினார். படிக்கிற பசங்களுக்கு மணிக்கணக்கா தியானம் வேண்டாம், படிப்பே அவங்க வேலை. ஆனா பேசும்போது, நடக்கும்போது, பார்க்கிறதுல, சாப்பிடுறதுல, கேட்கிறதுல, மூளையைப் போட்டு யோசிக்கிறதுலன்னு எல்லாத்துலயும் கடவுளைத் தேடிப் பழகட்டும். இதுதான் பதிலோட சாராம்சம். 'எல்லாவற்றிலும் கடவுளைக் காணுதல்'னு லயோலா காலேஜ், சேவியர்ஸ் காலேஜ் பசங்க விழா மேடையில அடிக்கடி கேட்டிருப்பீங்களே... அந்த விஷயம் இவ்வளவு தெளிவா மாணவர்களுக்காகவே சொல்லப்பட்டிருக்குன்னு எனக்குத் தெரியாது. நான் ஏதோ மலைக்குகை சமாச்சாரம்னு நினைச்சுட்டிருந்தேன்.

இந்த இஞ்ஞாசியார் கதையைக் கொஞ்சம் சொல்லியே ஆகணும். 1491-ல் ஸ்பெயினோட பாஸ்க் பகுதியில பிறந்தவர். வாள், காதல், பந்தான்னு திரிஞ்ச ஆளு. 1521 மே 20-ம் தேதி பாம்ப்லோனா கோட்டைச் சண்டையில பீரங்கிக் குண்டு ஒரு காலை முறிச்சு, இன்னொரு காலையும் பதம் பார்த்துடுச்சு. எலும்பு கூடின பிறகு பார்த்தா, முழங்காலுக்குக் கீழே ஒரு துண்டு துருத்திக்கிட்டு நிக்குது. இறுக்கமான பூட்ஸ் போட முடியாதேன்னு, மயக்க மருந்தே இல்லாத அந்தக் காலத்துல, அதை அறுத்து எடுக்கச் சொல்லியிருக்கார் மனுஷன். ஸ்டைலுக்காக! 'நம்ம ஆளுடா'ன்னு அங்கேயே முடிவு பண்ணிட்டேன்.

படுக்கையில கிடந்தவருக்கு செம போர். வீர சாகசக் கதைப் புத்தகம் கேட்டார். வீட்ல அது இல்லை. இயேசுவோட வாழ்க்கையும் புனிதர்கள் கதையும்தான் கிடைச்சது. வேற வழியில்லாம அதைப் படிச்சார். மிச்ச நேரம் பகல் கனவு. ஒரு சீமாட்டியை எப்படி எல்லாம் இம்ப்ரஸ் பண்ணலாம்னு நாலு மணி நேரம் கூட ஓட்டுவாராம். அந்தக் கனவு ஓடும்போது ஜாலியா இருக்கும், முடிஞ்சதும் சப்புன்னு ஆயிடும். புனிதர்கள் மாதிரி வாழ்ந்தா எப்படி இருக்கும்னு ஒரு கனவு. அதுவும் ஓடும்போது ஜாலிதான். ஆனா, முடிஞ்ச பிறகும் மனசுல அந்த நிறைவு தங்குச்சு. அப்பதான் உஷாரானார். கனவு ரெண்டும் வாயில போடும்போது இனிப்பு. முழுங்கின பிறகு நாக்குல என்ன மிச்சம் இருக்கு? இதைக் கவனிக்கிறதுதான் இவரோட மொத்த வழிமுறைக்கும் விதை. ரீல்ஸை ரெண்டு மணி நேரம் தள்ளிட்டு போனைக் கவுத்து வைக்கிற அந்த செகண்ட்ல வர்ற ஃபீலிங் தெரியும்ல உங்களுக்கு? அதே டிபார்ட்மென்ட்தான்.

அதுக்கு அப்புறம் மன்ரேசான்னு ஒரு ஊர்ல போய் உக்கிரமா இறங்கினார். தினம் ஏழு மணி நேர ஜெபம். முடி, நகம் எதையும் வெட்டலை. உடம்பு கெட்டுப் போச்சு. அப்புறம் அதெல்லாம் தேவையில்லைன்னு அவரே விட்டுட்டார். ஆனா, எனக்குப் பிடிச்ச எபிசோடு அதுக்கும் அப்புறம்தான் வருது. 1524. ஆளுக்கு வயசு 33. 'மத்தவங்களுக்கு உதவணும்னா நான் முதல்ல படிக்கணும்'னு பார்சிலோனாவுல சின்னப் பசங்களோட சேர்ந்து லத்தீன் இலக்கணம் படிக்க உட்கார்றார். நம்ம அரியர் சீனியர் எல்லாம் இவர் முன்னாடி ஜுஜுபி!

அங்கேதான் சிக்கல். இலக்கணத்தை மனப்பாடம் பண்ண உட்கார்ந்தா போதும், அருமையான பக்தி எண்ணங்கள் அலை அலையா வருது. படிப்பு ஓட மாட்டேங்குது. வேற யாரா இருந்தாலும் 'ஆஹா, சாமியே வந்துட்டார்'னு புத்தகத்தை மூடியிருப்பாங்க. இவர் யோசிச்சார். பூசையிலயும் ஜெபத்துலயும் உட்காரும்போது இவ்வளவு வரலையே... படிக்க உட்கார்ந்தா மட்டும் ஏன் வருது? இது கடவுள்கிட்ட இருந்து வர்றது இல்லை, படிப்பைக் கெடுக்க வர்ற சோதனைன்னு கண்டுபிடிச்சார். ஆசிரியரைச் சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போய் விஷயத்தை அப்படியே சொல்லி, இந்த ஊர்ல ரொட்டியும் தண்ணியும் கிடைக்கிற வரைக்கும், ரெண்டு வருஷத்துக்கு, உங்க பாடத்தைக் கவனிக்காம இருக்க மாட்டேன்னு வாக்குக் கொடுத்தார். எக்ஸாமுக்கு முந்தின நாள் மட்டும் ரூமைக் கூட்டிப் பெருக்கணும், சட்டையை அயர்ன் பண்ணணும்னு உங்களுக்குத் தோணும் இல்ல? அதே சோதனைதான், அவருக்கு பக்தி வேஷம் போட்டுக்கிட்டு வந்திருக்கு.

ஓகே, ப்ராக்டிகலுக்கு வருவோம். ஃபாதர் எனக்குக் கொடுத்தது 'ஆன்ம சோதனை'. பேரைக் கேட்டு மிரளாதீங்க. இஞ்ஞாசியாரோட 'ஆன்மிகப் பயிற்சிகள்' புத்தகத்துலயே இருக்கிற விஷயம் இது. 1548-ல போப் அங்கீகாரம் கொடுத்த புத்தகம். ராத்திரி 15 நிமிஷம் தனியா உட்காரணும். முதல்ல நன்றி. அப்புறம், இன்னிக்கு நடந்ததை உள்ளபடி பார்க்க வெளிச்சம் கொடுன்னு ஒரு வேண்டுதல். அதுக்கு அப்புறம் காலையில எழுந்ததுல இருந்து மணிக்கு மணி அந்த நாளைத் திரும்ப ஓட்டிப் பார்க்கணும். தப்பு பண்ணதுக்கு மன்னிப்பு. கடைசியா நாளைக்கு என்ன பண்ணப் போறேன்கிறது. இவ்வளவுதான். மெட்டீரியல் காஸ்ட் ஸீரோ.

14 ராத்திரி ட்ரை பண்றதுன்னு முடிவு. இடம்: ஹாஸ்டல் மொட்டை மாடி, தண்ணி டேங்க் ஓரம். முதல் ராத்திரி தூங்கிட்டேன். ரெண்டாவது ராத்திரி கொசு தூங்க விடலை. (பிரான்ஸ் நாட்டுக் கன்னியாஸ்திரி, லிசியே நகரத்துப் புனித தெரேசம்மாள் ஜெபத்துல அடிக்கடி தூங்கிட்டதா அவங்களே எழுதி வெச்சிருக்காங்களாம். அவங்க புனிதை, நான்... சரி, விடுங்க.) மூணாவது ராத்திரி கொஞ்சம் செட் ஆச்சு. ஆனா, நான் பண்ணது அக்கவுன்ட் ஆடிட். 6 மணியில இருந்து 10 மணி வரைக்கும் என்ன செஞ்சேன்னு யோசிச்சா பெரிய ஓட்டை. போன் முழுங்கிடுச்சு. கடுப்பாகி ஃபாதருக்கே போன் போட்டேன்.

"நன்றி சொன்னியா?" என்றார்.

"...மறந்துட்டேன் ஃபாதர்."

"முதல் படியை விட்டுட்டு மூணாவது படியில கால் வெச்சா விழத்தானே செய்வே? நீயா டார்ச் அடிச்சுத் தப்பைத் தேடாதே. நல்லதுல இருந்து ஆரம்பி. வெளிச்சம் கேளு. எது தெரியுதோ அதைப் பாரு."

நாலாவது ராத்திரி நன்றி சொல்ல உட்கார்ந்தேன். எதுக்குச் சொல்றதுன்னே தெரியலை. அப்புறம் மத்தியானம் வொர்க்ஷாப் ஞாபகம் வந்துச்சு. லேத்துல ராடைப் பிடிச்சு டர்னிங் ஓட்டும்போது இரும்பு சுருள் சுருளா உரிஞ்சு வரும். சூட்டுல அது நீலக் கலரா மாறும், மயில் கழுத்து மாதிரி. மூணு வருஷமா மெக்கானிக்கல் படிக்கிறேன். அதை நான் அன்னிக்குத்தான் பார்த்திருக்கேன். பார்த்தேன்கிறதே ராத்திரி மாடியில உட்கார்ந்த பிறகுதான் தெரிஞ்சுது. அப்புறம் வரிசையா வர ஆரம்பிச்சது. பஸ்ல சில்லறை இல்லாதப்ப 'இறங்கும்போது பார்த்துக்கலாம்'னு சொன்ன கண்டக்டர் அண்ணன், மெஸ்ல கேட்காமலே கருகாத தோசையா எடுத்துப் போட்ட அக்கா...

தோசைன்னதும் ஒருத்தர் ஞாபகத்துக்கு வர்றார். சகோதரர் லாரன்ஸ். ஃபாதர் சொன்ன கதைகள்ல இவர்தான் எனக்கு டாப். பிரான்ஸ் பக்கம் லொரேன் பகுதியில ஏழை வீட்டுப் பையன். பதினெட்டு வயசுல, பனிக்காலத்துல இலையே இல்லாம நின்ன ஒரு மரத்தைப் பார்த்து, 'இது திரும்பத் துளிர்க்கும், பூக்கும், காய்க்கும்ல'ன்னு நினைச்சிருக்கார். அது அவர் மனசை அப்படியே புரட்டிப் போட்டுடுச்சு. சிப்பாயா இருந்து காலில் அடிபட்டார். ஒரு பெரிய மனுஷர்கிட்ட எடுபிடியா இருந்தப்ப, கையில எடுத்ததை எல்லாம் போட்டு உடைக்கிற ஆளாம்! 1640-ல் பாரிஸ்ல கார்மேல் சபை மடத்துல சேர்ந்தார். படிப்பு இல்லாததால குருவாக முடியாது. சமையல்கட்டுக்கு அனுப்பிட்டாங்க. அங்கேயே சுமார் 15 வருஷம். இதுல முக்கியமான விஷயம் என்னன்னா, அவருக்குச் சமையல் வேலையே சுத்தமா பிடிக்காது.

பிடிக்காத வேலையில நின்னுக்கிட்டே அவர் ஒரு பழக்கத்தைப் பிடிச்சார். சட்டியில முட்டையைத் திருப்பிப் போடுறதைக் கூட கடவுள் மேல இருக்கிற பிரியத்துல செய்யறது, நடுவுல அவர்கிட்ட சும்மா பேசறது. மனசு எங்கேயாவது ஓடிப்போச்சுன்னா தன்னைத் திட்டிக்காம அமைதியா திரும்பி வர்றது. ஜெப நேரம், சமையல் நேரம்னு தனக்கு வித்தியாசமே இல்லாமப் போச்சுன்னு பிற்பாடு சொல்லியிருக்கார். உடனே கிடைச்சுடலை பாஸ்! முதல் பத்து வருஷம் உள்ளுக்குள்ள ரொம்பத் திண்டாடினதா அவரே ஒத்துக்கிட்டார். 1666-ல் இருந்து அவரைச் சந்திச்சுப் பேசின ஒரு குருவானவர் அந்தப் பேச்சை எல்லாம் குறிச்சு வெச்சதாலயும், லாரன்ஸ் எழுதின சில கடிதங்களாலயும்தான் இது நமக்குத் தெரியும். 1691-ல் லாரன்ஸ் இறந்த பிறகுதான் புத்தகமாச்சு. ஒரு புத்தகம் கூட எழுத நினைக்காத சமையல்காரர் பேர்ல இருக்கிற அந்தச் சின்னப் புத்தகத்தை இன்னிக்கும் உலகம் பூரா படிக்கிறாங்க.

ஞாயித்துக்கிழமை துணி துவைக்கும்போது லாரன்ஸ் டெக்னிக்கை இறக்கிப் பார்த்தேன். முதல் சட்டை வரைக்கும் ஓகே. ரெண்டாவது சட்டையில மேட்ச் ஸ்கோர் வந்துடுச்சு. திரும்பி வந்தேன். ஜீன்ஸ்ல மறுபடி ஓடிட்டேன். மொத்தத்துல ஒரு பக்கெட் துணிக்கு மூணு நிமிஷம் தேறும். பத்து வருஷத்துல மூணு நிமிஷம் போச்சுன்னு கணக்கு வெச்சுக்க வேண்டியதுதான்!

"இதெல்லாம் மைண்ட்ஃபுல்னெஸ்தானேடா, ஆப்லயே இருக்கே"ன்னு கிளாஸ்ல ஒருத்தன் கேட்டான். நியாயமான டவுட். உடம்பைக் கவனி, சத்தத்தைக் கவனின்னு சொல்லித் தர்ற கிறிஸ்துவ குருக்களும் உண்டு. நம்ம லோனாவ்லாவுல சாதனா பயிற்சி மையம் நடத்தின அந்தோணி டி மெல்லோவோட 'சாதனா' புத்தகம் 1978-ல வந்தது. அதுலயே இப்படிப்பட்ட பயிற்சிகள் நிறைய உண்டு. (அவர் இறந்து 11 வருஷம் கழிச்சு, 1998-ல வாடிகன் அவர் எழுத்துக்கள்ல சிலதைப் பத்தி எச்சரிக்கை விட்டது தனிக் கதை.) எனக்குப் புரிஞ்ச வித்தியாசம் ஒண்ணே ஒண்ணுதான். ஆப்ல நான் மட்டும்தான் இருக்கேன். இங்கே எதிர்ல ஒருத்தர் உட்கார்ந்திருக்கார்னு நம்பி உட்கார்றோம். அவருக்கும் பேச விஷயம் இருக்கலாம்னு காதைத் திறந்து வைக்கணும். அதுல ஒரு சின்ன பயமும் இருக்கு. அது எனக்கு ஒன்பதாவது ராத்திரி தெரிஞ்சுது.

அன்னிக்கும் வழக்கம் போல நன்றி எல்லாம் சொல்லிட்டு நாளை ஓட்ட ஆரம்பிச்சேன். காலை 7.40. நான் ஷூ லேஸ் கட்டறேன். ரூம்மேட் கட்டில்ல படுத்தபடி, "டேய், சாப்பிட்டியா?"ங்கறான். நான் போனைப் பார்த்துக்கிட்டே "ம்"ங்கறேன். கிளம்பிடறேன். சீன் அவ்வளவுதான்.

ஆனா, அது நகர மாட்டேங்குது. 8.30 கிளாஸுக்குத் தள்ளறேன், திரும்ப 7.40-க்கே வந்து நிக்குது. அப்பதான் தோணுச்சு, இதே சீன் நேத்து ராத்திரியும் வந்துச்சு. அதுக்கு முந்தின ராத்திரியும் வந்துச்சு. நான்தான் ஃபாஸ்ட் ஃபார்வேர்டுல ஓட்டியிருக்கேன். அவன் தினம் கேட்டிருக்கான். நான் சாப்பிட்டுட்டேன். அவன் சாப்பிட்டானா? கடைசியா அவனை மெஸ்ல எப்போ பார்த்தேன்னு தேடறேன்... தேடறேன்... கிடைக்கலை.

இது கடவுளா, ஞாபக சக்தியா? என்னைக் கேட்காதீங்க. நானா யோசிச்சிருந்தா அந்த சீனை விட்டிருப்பேன், ஒரு வாரமா விட்டிருக்கேன். அது மட்டும் நிச்சயமா தெரியும்.

கீழே இறங்கிப் போனேன். மணி பதினொண்ணு. தூங்கற மாதிரி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். எழுப்பி உட்கார வெச்சுக் கேட்டேன். முதல்ல "ஒண்ணுமில்ல மச்சி"ன்னான். அப்புறம் மெதுவா வந்துச்சு. அவன் அப்பாவுக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. இந்த செமஸ்டர் ஆரம்பத்துல இருந்து வாரம் ரெண்டு நாள் அவங்க ஊர் பெரியாஸ்பத்திரியில டயாலிசிஸ். காப்பீட்டு அட்டை இருக்கறதால அதுக்குக் காசு இல்லை. ஆனா கூடப் போக ஆள் வேணும். அக்காவுக்கு இப்பதான் குழந்தை பிறந்திருக்கு. அம்மா ஜவுளிக்கடை வேலையை விட்டா வீடு நடக்காது. அதனால செவ்வாயும் வெள்ளியும் இவன் விடிகாலை பஸ் பிடிச்சுப் போயிட்டு ராத்திரி திரும்பியிருக்கான். மூணு மணி நேரப் பயணம். மெஸ் ரிடக்ஷன் எழுதிக் கொடுத்துட்டு டீயும் பன்னுமா ஓட்டியிருக்கான். அட்டெண்டன்ஸ் 66-ல நிக்குது. 75 இல்லைன்னா ஹால் டிக்கெட் கிடையாது. வீட்ல இதைச் சொல்லலை. கிளாஸ்லயும் யார்கிட்டயும் சொல்லலை.

கிளாஸ்ல அவனுக்கு ஒரு பட்டப்பேர் உண்டு. 'ஊர்சுத்தி.' வாரம் ரெண்டு நாள் கட் அடிச்சுட்டுக் காணாமப் போறான்ல, அதுக்காக. செம ஹிட்டான பேர். லெக்சரர்ஸ் வரைக்கும் பரவிடுச்சு. வெச்சது நான்தான்.

ஆன்ம சோதனையில நாலாவதா மன்னிப்பு வரும்னு சொன்னேன் இல்லையா? மாடியில தண்ணி டேங்க் ஓரம் கடவுள்கிட்ட கேட்கிறது ரொம்ப ஈஸிங்க. அவர் முகம் தெரியாது. ரூம்ல ட்யூப்லைட்டைப் போட்டுட்டு அவன் முகத்தைப் பார்த்துக் கேட்கிறது இருக்கே... எனக்குப் பாதியில குரல் போச்சு. அவன் "விட்றா, எனக்கே அந்தப் பேர் பழகிடுச்சு"ன்னான். அது இன்னும் மோசமா இருந்துச்சு.

அடுத்த நாள் சாயங்காலம் ஃபாதரைப் பார்க்கப் போனேன். ஒண்ணும் அட்வைஸ் பண்ணலை. இஞ்ஞாசியாரோட ரூம்மேட் பத்திச் சொன்னார். 1529-ல் பாரிஸ், செயின்ட் பார்ப் கல்லூரி ஹாஸ்டல். ஒரே ரூம்ல பீட்டர் ஃபேவர், இஞ்ஞாசியார், இன்னொருத்தர் பிரான்சிஸ் சேவியர். ஆமாங்க, நம்ம சவேரியார்தான்! 1542-ல எங்க முத்துக்குளித்துறைக்கு வந்து, ஜெபங்களைத் தமிழ்ல எழுதி வாங்கி மனப்பாடம் பண்ணிச் சொல்லிக் கொடுத்த அதே ஆள். எங்க ஊர்ல பாதிப் பேருக்கு அவர் பேர்தான். தத்துவப் பாடத்துல ஃபேவர் இஞ்ஞாசியாருக்கு ட்யூஷன் எடுத்தார். சவேரியார் மட்டும் லேசுல மசியலை, ரொம்ப நாள் ஆச்சு. பின்னாடி 1546-ல, இப்போ இந்தோனேஷியாவில இருக்கிற அம்போன் தீவுல இருந்து சவேரியார் ஒரு கடிதம் எழுதினார். நண்பர்கள் தனக்கு எழுதின கடிதங்கள்ல அவங்க கைப்பட போட்ட பேர்களை மட்டும் வெட்டி எடுத்து, எப்பவும் தன்னோடவே வெச்சுக்கிட்டுச் சுத்தறதா அதுல சொல்லியிருக்கார். ரூம்மேட்ஸோட கையெழுத்தை!

நான் அதைக் கேட்டுட்டு ரூம்மேட்டுக்கு நானா வெச்ச பேரை நினைச்சுக்கிட்டேன்.

கிளாஸ் அட்வைஸர் மேடம்கிட்ட அவனைக் கூட்டிட்டுப் போனோம். ஆஸ்பத்திரி சீட்டு எல்லாம் காப்பி எடுத்துக் கொடுத்தாச்சு. கண்டோனேஷனுக்கு எழுதியிருக்காங்க. வருமா, வராதான்னு இதை எழுதற வரைக்கும் தெரியலை. இனி ஒரு கிளாஸ் கூட அவன் விடக் கூடாது, அது மட்டும் கண்டிப்பா சொல்லிட்டாங்க. அப்ப அப்பாவோட யார் போறது? எனக்கு அட்டெண்டன்ஸ் 84 இருக்கு. எதிர் ரூம் பையனுக்கு 88. செவ்வாய் அவன், வெள்ளி நான்னு பிரிச்சுக்கிட்டோம். ரூம்மேட் முதல்ல சம்மதிக்கவே இல்லை. அவன் அம்மாதான் போன்ல, "அனுப்பு சாமி"ன்னு சொல்லி முடிச்சு வெச்சாங்க.

போன வெள்ளிக்கிழமை என் டர்ன். பதிமூணாவது நாள். அப்பா நெத்தி நிறைய விபூதியோட ஆஸ்பத்திரி கேட்லயே நின்னுக்கிட்டு இருந்தார். உள்ளே கொஞ்ச நேரம் என்னை நிக்க விட்டாங்க. கையில இருந்து ரத்தம் ஒரு குழாய் வழியா மெஷினுக்குள்ள போகுது. ரோலர் சுத்திச் சுத்தி குழாயை அமுக்கித் தள்ளற பம்ப். ஒரு பக்கம் ரத்தம், எதிர்த் திசையில திரவம், நடுவுல மெல்லிசா ஒரு சவ்வு. கவுன்டர் ஃப்ளோ! ஹீட் எக்ஸ்சேஞ்சர்னு இன்டர்னல்ஸ்ல படம் போட்டு எட்டு மார்க் வாங்கினேன். அது ஒரு மனுஷனோட கையில வந்து முடியும்னு அப்போ தெரியாது. நாலு மணி நேரம் வராண்டா பெஞ்ச்ல உட்கார்ந்திருந்தேன். ஜெபம்னு ஒண்ணும் சொல்லலை. சொல்ல வரலை. உள்ளே பம்ப் சுத்துற சத்தம், பக்கத்துல ஒரு பாட்டி மிக்ஸர் பொட்டலம் பிரிக்கிற சத்தம், நர்ஸம்மா யாரையோ அதட்டற சத்தம். எதையும் தள்ளி விடாம அப்படியே இருந்தேன். மனசு ஓடுச்சு, திரும்பி வந்துச்சு. போனைப் பையை விட்டு எடுக்கலை.

ஒரு மணிக்கு மேல அப்பா வெளியில வந்தார். ரொம்பக் களைச்சிருந்தார். பெஞ்ச்ல கையை ஊன்றி மெதுவா உட்கார்ந்து, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, சாப்பிட்டியா?"

அதே குரல். அப்படியே என் ரூம்மேட் குரல்.

"இல்லப்பா. நீங்க?"ன்னேன்.